கரிச்சான் கால்ஷீட் கேட்காது

செஞ்சிக் கோட்டைக் கல்யாண மகாலுக்கு எதிரே 600 மி.மீ. லென்ஸோடு நின்றுபாருங்கள். "பொண்ணு மாப்ள எப்ப சார் வருவாங்க?" என்று கேட்காமல் ஒருவரும் தாண்டிப் போகமாட்டார்கள். குருவி எடுக்க வந்தேன் என்றால் அடுத்து வருவது பரிதாபப் பார்வை.

வெறும் குருவி எனக்கு வேண்டாம். கிளையில் அமர்ந்து கேமராவை முறைக்கும் பறவைப் படம் ஆதார் அட்டைப் படம் மாதிரி. ஆளை அடையாளம் தெரியும், அவ்வளவுதான். பறவையும் பறவையும் அடித்துக்கொள்ள வேண்டும், ஊட்டிக்கொள்ள வேண்டும், பிடுங்கித் தின்ன வேண்டும். இந்த வம்பையெல்லாம் அவை விடிந்ததும் முடித்துவிடுகின்றன. கோட்டை வாசலோ காலை 9 மணிக்குத்தான் திறக்கும். உள்ளே போனால் மிச்சமிருப்பவை குரங்குகள். கேமரா பை ஜிப்பைத் திறப்பதில் அவற்றுக்குத் தனித் தேர்ச்சி.

வெளியூர்ப் பறவைக்காரர்கள் இங்கே வருவது மஞ்சள்தொண்டைச் சின்னானுக்காக. தீபகற்ப இந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. அழியும் அபாயத்தில் இருப்பது. மகா கூச்சக்காரன். புதருக்குள்ளிருந்து குரல் மட்டும் கொடுப்பான்.

ஆகவே என் கட்சி கரிச்சான். கோட்டைக்கு வெளியே வயலோரக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் அதே இரட்டைவால் குருவிதான். டிக்கெட் இல்லை, 9 மணி இல்லை. எடை 50 கிராம் சொச்சம். கூட்டுப் பக்கம் பருந்து வந்தால், தன்னைவிடப் பத்து மடங்குக்கு மேல் கனமான அதன் முதுகுக்கு மேலே பாய்ந்து பிடரியில் கொத்தும். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையோடு மோதிய தேசிங்குராஜனுக்கு இந்தப் பக்கம் கூத்தும் கதைப்பாட்டும் உண்டு. தேசிங்கு தோற்றான்; கரிச்சான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. அதற்கு ஒரு கூத்து கட்ட ஆளில்லை. இந்த ரவுடியின் தைரியத்தில் புறாக்களும் மாங்குயில்களும் அதே மரத்தில் கூடு கட்டிக் குடித்தனம் நடத்துகின்றன.

வீரத்தோடு திருட்டும் உண்டு. வல்லூறு போலக் கத்தும். மைனாக்கள் அலறிப் பறந்ததும் அவை விட்டுப்போன புழுவைத் தூக்கிக்கொள்ளும். இதைப் படமெடுக்க ஷட்டர் வேகம் 1/2000-க்குக் குறையக்கூடாது. சத்தம் கேட்டபின் கேமராவைத் தூக்குகிறவருக்கு வெறும் கம்பிதான் கிடைக்கும்.

வேகம் ஒத்துவராதவர்கள் மேய்கிற ஆட்டைத் தொடரலாம். ஆட்டின் காலடியில் கிளம்பும் பூச்சிக்காகக் கரிச்சான் அதன் முதுகிலேயே சவாரி செய்யும். ஆட்டுக்காரப் பாட்டி மட்டும் விடமாட்டார். "ஏம்பா, ஆட்ட எதுக்குப் படம் புடிக்கிற? வாங்கப் போறியா?" விலையையும் சொல்லிவிடுவார்.

சின்னானைத்தான் எடுப்பேன் என்று வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செல்போனில் அதன் குரலைப் போட்டு வரவழைக்காதீர்கள். எல்லைக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று, கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு ஓடிவரும். தானாக வந்தால் எடுங்கள். வராவிட்டால் கம்பியில் கரிச்சான் இருக்கிறது.