வீட்டைத் தாண்டிப் போவது எப்படி?

பருத்தி சீசனுக்கு ஆதிலாபாத் பக்கம் லாரி எடுத்துப் போவதென்று முடிவு செய்துவிட்டீர்களா? நல்லது. வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் கூடுதல் வசதி. அதைவிட முக்கியம், சும்மா இருக்கத் தெரிந்திருப்பது.

போகும்போது சேலத்து ஜவ்வரிசி லோடு கிடைக்கும். நாக்பூரில் இறக்கிவிட்டு, விரத நாளாக இருந்தால், அதே சரக்கைத் தள்ளுவண்டியில் கிச்சடியாகக் கிண்டி விற்பதை வாங்கிச் சாப்பிடலாம். ஊரிலிருந்து கொண்டுவந்தவனே நான்தான் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு ரூபாய் குறைக்க மாட்டார்கள். பிறகு ஹிங்கன்காட், பண்டர்கவடா என்று தெற்கே இறங்கிப் பென்கங்கா ஆற்றைத் தாண்டினால் ஆதிலாபாத். இங்கேதான் உங்கள் நிஜமான வேலை ஆரம்பிக்கிறது. கொட்டையையும் பஞ்சையும் பிரிக்கும் ஜின்னிங் மில்லுக்கு வெளியே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அவ்வளவுதான் வேலை.

எதற்குக் காத்துக் கிடக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கிடப்பது மரியாதை. ஒரு பேல், அதாவது பஞ்சுப் பொதி, 170 கிலோ. உங்கள் வண்டிக்கு 100 பேல் என்றால், ஏறக்குறைய 500 குவிண்டால் கொட்டைப்பருத்தி மெஷினுக்குள் போயாக வேண்டும். அந்தப் பருத்தியோ மார்க்கெட் யார்டில் ஈரப்பதம் பார்க்கும் கருவி முன்னால் நிற்கிறது. 2025-26 பருவத்தில் நீள இழைப் பருத்திக்கு ஆதார விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய். முழு விலை வேண்டுமானால் ஈரம் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 12ஐத் தாண்டினால் இந்தியப் பருத்திக் கழகம் வாங்காது. டிசம்பர் பனியோ இது எதையும் படித்ததில்லை. ராத்திரி முழுக்கக் கொட்டும். விவசாயி பொலேரோ மேல் போர்வையைப் போர்த்திக்கொண்டு வெயிலுக்குக் காத்திருப்பார். மில் அவருக்குக் காத்திருக்கும். நீங்கள் மில்லுக்கு. இந்த வரிசையில் காத்திருக்காத ஒரே ஆள் வண்டி ஓனர். அவர் போன் செய்துகொண்டிருப்பார்.

இப்படிக் காத்துக் கிடப்பதற்கு ஹால்டிங் காசு உண்டா என்று கேட்பீர்கள். கட்டாயம் கேளுங்கள். “பாத்துக்கலாம்ணா” என்பார்கள். வந்த தேதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காசு வராது, கையெழுத்து திருந்தும்.

சமையல் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். யார்டுக்குள் அடுப்பு பற்ற வைத்தால் அங்கேயே உதைப்பார்கள், நியாயமும் அதுதான். பஞ்சில் தீ பிடித்தால் மேலே தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகும் பேலுக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும். சில நாள் கழித்துத் திரும்ப எரிந்த கதைகள் உண்டு. ஆகவே ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய் ரசம் வையுங்கள். பீடிக்கும் அதே ரோடுதான். கிளீனர் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தால், நீங்கள் பழைய சினிமா நிறையப் பார்த்திருக்கிறீர்கள். இப்போதெல்லாம் டிரைவரே கிளீனர், டிரைவரே சமையல்காரர்.

ஒருவழியாக லோடு ஏறும் நாள் வரும், பெரும்பாலும் நீங்கள் துணி துவைத்துக் காயப்போட்டிருக்கும் நேரத்தில். சுமை ஏற்றும் ஹமாலிகள் கொக்கியைப் போட்டு ஒவ்வொரு பேலாக இழுத்துப் புரட்டும்போது கீழே நிற்காதீர்கள். பஞ்சுத்தூசி மூக்கில், புருவத்தில், மீசையில் எல்லாம் உட்காரும். அந்தச் சமயம் பார்த்து வீட்டிலிருந்து வீடியோ கால் வரும். “அம்மா, அப்பாவுக்கு நரைச்சிருச்சு” என்று சின்னது கத்தும். பதில் சொல்லாமல் தார்ப்பாயை இழுத்துக் கட்டப் போய்விடுங்கள். அதைக் கட்டி முடிப்பதற்குள் நிஜமாகவே நரைத்துவிடும்.

பண்டிகை பற்றி ஒரு வார்த்தை. பருத்தி வரத்து உச்சத்தில் இருக்கும் மாதங்களுக்குள்தான் பொங்கலும் வந்து உட்காரும். ஆகவே யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். சங்கராந்திக்கு ஹமாலிகள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். பாதி ஏற்றிய லாரியும் நீங்களும் ஒருவருக்கொருவர் துணை.

ஊர்ப்பக்கம் இறங்கும் வழிக்குப் பெரிய புத்திமதி தேவையில்லை. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கில் அவகாசம் தரும்; ஓனர் அவ்வளவு தர மாட்டார். ஹைதராபாத், கர்னூல், பெங்களூர் தாண்டித் தொப்பூர் கணவாயில் மட்டும் கியரைக் குறைத்து, குலசாமியை நினைத்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள்.

இனிதான் கஷ்டமான பாடம். நீங்கள் நாமக்கல்காரர். லோடு போக வேண்டியது வேடசந்தூர் பக்கத்து நூல் மில்லுக்கு. ஆதிலாபாத்தில் பிடித்த அதே 44ஆம் நம்பர் நெடுஞ்சாலை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு வந்து உங்கள் ஊர் பைபாஸ் வழியாகவே கூட்டிப்போகும். ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுத் திருப்பம் தெரியும். கால் தானாக பிரேக்குக்குப் போகும். போகட்டும், ஆனால் எஞ்சினை அணைக்காதீர்கள். ஜிபிஎஸ்ஸில் வண்டி நின்றது தெரிந்ததுமே ஓனரிடமிருந்து போன் வரும். “டீ குடிக்கிறேன்” என்று சொல்லலாம். “எங்க, உங்க வீட்டுலயா?” என்று கேட்பார். ஓனரும் அதே ஊர்தானே.

மில்லில் வெள்ளிக்கிழமை சேர்ந்தால் இறக்கிவிடுவார்கள் என்று நினைப்பீர்கள். சாம்பிள் எடுக்க வேண்டும், குடோனில் இடம் இல்லை, திங்கட்கிழமை பார்க்கலாம் என்பார்கள். வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினால் லோடு இறக்குவதற்கான டோக்கன் வரிசை போய்விடும். ஆகவே வீட்டை வரவழையுங்கள். கரூரில் பஸ் மாறினால் காலைக்குள் வந்துவிடலாம். தூக்குப்போசியில் கோழிக்குழம்பு என்றால் வாட்ச்மேனுக்கும் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். டோக்கன் வரிசையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.