தானமாக வந்த மாப்பிள்ளைச் சம்பா

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எனக்குத் தானமாக வந்தது மாடல்ல, அரிசி. அது என் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டது.

மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் சித்தப்பா மகனுக்குப் பாரம்பரிய நெல்லில் பித்து. நெல் ஜெயராமன் இருந்த காலத்தில் ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்குப் போய் இரண்டு கிலோ விதைநெல் வாங்கி, அங்குள்ள வழக்கப்படி மறுவருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவன். போன அறுவடை முடிந்ததும் மாப்பிள்ளைச் சம்பா அரை மூட்டை கொண்டுவந்து எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இறக்கினான்.

“அண்ணே, இந்தச் சோறு தின்னா இளவட்டக்கல்லைத் தூக்கலாம்ணே.”

அந்தக் காலத்தில் பெண் கேட்டுப் போகும் மாப்பிள்ளை இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம். அதற்குத் தெம்பு கொடுத்த அரிசி என்பதால் இந்தப் பெயராம். எனக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் ஆகிறது. இருந்தாலும் ஆசை யாரை விட்டது?

மூன்றாம் நாள் மத்தியானம், வத்தக்குழம்பு ஊற்றிப் பிசைந்து நாலாவது கவளம். ‘கடக்’. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா “என்னடா அது?” என்றார். அவருக்கு ஒரு காது கேட்காது. இளவட்டக்கல்லைத் தேடி நான் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அது அரிசியோடேயே வந்திருந்தது, சின்ன சைஸில்.

டெல்டாவில் கல் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் பூமி இது. 1010ல் பெரிய கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜனே கருங்கல்லை வெளியூரிலிருந்துதான் இழுத்துவர வேண்டியிருந்தது. சக்கரவர்த்திக்கே எளிதில் கிடைக்காத சரக்கு என் தட்டுக்கு எப்படி வந்தது? களம் போதாமல் நெல்லைத் தார் ரோட்டில் கொட்டிக் காயவைக்கிறோமே, அப்படித்தான். நெல்லை வாரும்போது ரோடும் கொஞ்சம் கூட வந்துவிடுகிறது. பெரிய ரைஸ்மில்களில் கல் நீக்க ஒரு மெஷின், நிறம் பார்த்துப் பொறுக்க ஒரு மெஷின் என்று வந்துவிட்டன. ‘இயற்கை அரிசிக்கு எதற்கு அதெல்லாம்’ என்று தம்பி பக்கத்து ஊர்ச் சின்ன மில்லில் அரைத்திருந்தான்.

என் பாட்டி இருந்தவரை அரிசி உலைக்குப் போவதற்குள் மூன்று சோதனைச் சாவடிகளைத் தாண்டியாக வேண்டும். முறத்தில் புடைப்பாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல் பொறுக்குவாள், அப்புறம் அரிக்கன்சட்டியில் அரிப்பாள். பாக்கெட் அரிசி வந்த பிறகு பாட்டியின் முறம் பரணுக்குப் போனது. மாப்பிள்ளைச் சம்பா கீழே வந்தபோது முறம் மேலேயே இருந்துவிட்டது.

உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லின் எனாமல்தான், எலும்பைவிடக் கெட்டி. ஆனால் கற்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்குக் கிடைப்பது சுமார் 5. கருங்கல்லில் உள்ள குவார்ட்சுக்கு 7. கல் பாஸ், நான் ஃபெயில். எலும்பு முறிந்தால் கூடிக்கொள்ளும். எனாமல் அப்படியில்லை. அதைச் செய்து கொடுத்த செல்கள், பல் ஈறைவிட்டு வெளியே தலைகாட்டும்போதே வேலை முடிந்தது என்று போய்விடுகின்றன. மேஸ்திரியைத் திரும்பக் கூப்பிட முடியாது.

பெரியப்பா உம்பளச்சேரி ஜோடி வைத்து உழுதவர். சந்தையில் தரகர் சொல்லும் வயசை நம்பவே மாட்டார். மாட்டின் கீழுதட்டை இழுத்துப் பார்ப்பார். ரெண்டு பல் என்றால் ஏறக்குறைய இரண்டு வயசு. எட்டும் சேர்ந்துவிட்டால் நாலைத் தாண்டியது. அதே கையால் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

“கீழ் கடவாயி. ரெண்டாப் பொளந்து கெடக்கு.”

“என்ன பெரியப்பா பண்றது?”

“மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாது தெரியுமா? அது என்ன டாக்டருகிட்டயா ஓடுது?”

உண்மைதான். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கெட்டியான ஒரு மெத்தை மட்டும்தான். ஆனால் மாடு வத்தக்குழம்பு சாப்பிடுவதில்லை.

அந்தக் காலத்தில் எண்பது வயசிலும் முறுக்கைக் கடித்தார்கள் என்று நம்மூரில் எல்லோரும் சொல்கிறோம். எங்கள் வீட்டுப் பழைய போட்டோக்களில் தாத்தா பாட்டிகள் வாயை இறுக மூடிக்கொண்டு, கன்னம் உள்வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். கேமராவுக்குப் பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெரியப்பா எழுபது வருஷம் உமிக்கரியால் பல் தேய்த்தவர். அவர் வாயில் இப்போது இரண்டு பல் இருக்கின்றன, அதுவும் பக்கத்துப் பக்கத்தில் இல்லை. நெல் விளைகிற ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை. உமியில் சிலிக்கா அதிகம், நன்றாக உரசும். அதனால்தான் அதே கரியால் பித்தளைக் குடத்தையும் விளக்கினோம். இப்போது கரி கறுப்புப் பேஸ்டாக டியூபில் வருகிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017ல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, கரிப் பற்பசை நல்லது என்றோ ஆபத்தில்லாதது என்றோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. பெரியப்பா அதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பல் போனால் பல்செட் என்பது டவுன்காரர்கள் வழக்கம். எங்கள் பக்கத்தில் பல் போனால் உரல். உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்பு உரல், அதில் வெற்றிலை பாக்கைப் போட்டு ‘டொக் டொக்’ என்று இடித்து வாயில் அடக்கிக்கொண்டால் தீர்ந்தது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ல் புவிசார் குறியீடு கொடுத்தபோது பெரியப்பா தனக்கே கிடைத்ததுபோல் சிரித்தார். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லிவிட்டதைப் படித்துக் காட்டினேன். அப்போது அவருக்குக் கேட்கும் காதும் கேட்கவில்லை.

“அப்பல்லாம் பல்லுல பூச்சி எடுக்கிற பொம்பளை வருவா” என்று ஆரம்பித்தார். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடிக்கிற வைத்தியம். பல்லை அரிப்பது பூச்சி என்ற நம்பிக்கை பாபிலோன் காலத்திலேயே இருந்தது. பிரான்சில் பியேர் ஃபோஷார் 1728ல் பல் வைத்தியத்துக்கென்றே பெரிய புத்தகம் எழுதி, பூச்சியும் இல்லை ஒன்றும் இல்லை என்றார். செய்தி எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. மனைவி அதற்குள் கிராம்பைத் தட்டிக் கொடுத்தாள். அது கொஞ்சம் கேட்டது. கிராம்பில் உள்ள யூஜெனால் என்ற எண்ணெய்ப் பொருளைப் பல் டாக்டர்களும் பயன்படுத்துகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அதுவும் கைவிட்டது.

மறுநாள் தஞ்சாவூர். சின்ன வயசு டாக்டரம்மா. “உக்காருங்க அங்கிள்” என்றார். பல்லைவிட அது அதிகம் வலித்தது. நாற்காலி தானாக மல்லாந்தது, விளக்கு முகத்துக்கு நேரே வந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு ஞாபகம் வந்தது: மரண தண்டனைக்கான மின்சார நாற்காலி என்ற யோசனையைக் கொடுத்த ஆல்ஃபிரட் சவுத்விக், அமெரிக்காவில் பஃபலோ நகரத்துப் பல் டாக்டர். 1890ல் அதில் முதல் ஆளை உட்கார வைத்தார்கள். கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பல் டாக்டர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. பஞ்சு மிட்டாய் மெஷினை 1897ல் ஒரு மிட்டாய்க்காரரோடு சேர்ந்து கண்டுபிடித்த வில்லியம் மோரிசன் ஒரு பல் டாக்டர். 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் அறுபத்தெட்டாயிரம் பெட்டிக்கு மேல் விற்றார்கள். நூற்றிருபது வருஷம் கழித்து, 2024 பிப்ரவரியில், ரோடமின்-பி சாயம் கலந்திருப்பதைப் பார்த்துத் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920ல் கல்கத்தாவில் தொடங்கிய டாக்டர் ரஃபியுதீன் அகமது, அதற்கான பணத்துக்கு ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்று ஒரு கடை நடத்தினார். ஒரு கையால் சோடா, இன்னொரு கையால் சொத்தை. கல்லூரி நிலைத்துவிட்டது, அதனால் குறை சொல்ல மனம் வரவில்லை.

மரத்துப் போகிற ஊசியைப் பார்த்ததும் என் முகம் போன போக்கைக் கண்டு டாக்டரம்மா ஆறுதல் சொன்னார். “ஒரே ஒரு பல்லு அங்கிள். 2019ல சென்னை சவீதாவுல ஏழு வயசுப் பையனோட கீழ்த்தாடையிலேருந்து 526 எடுத்தாங்க.” கேலி இல்லை, நடந்தது. ஒடோன்டோமா என்ற ஒரு வகைக் கட்டி. கீழ்த்தாடைக்குள் ஒரு பை, கிட்டத்தட்ட 200 கிராம், அதற்குள்ளே பொடிப்பொடியாகப் பல் போன்றவை. ஆபரேஷனைவிட எண்ணிப் பார்ப்பதில்தான் பொழுது போயிருக்கும். நெல் மணியாக இருந்தால் எங்கள் ஆட்கள் மரக்காலில் அளந்து முடித்திருப்பார்கள்.

எக்ஸ்ரேயைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினார். பிளந்த பல்லுக்குள்ளே கறுப்பாக ஒரு பொந்து.

“கல்லு சும்மா கடைசியா வந்துது அங்கிள். உள்ள ஏற்கனவே சொத்தை. நல்ல பல்லா இருந்தா இப்படிப் பொளந்திருக்காது.”

சோறு பல்லிடுக்கில் தங்கினால் அங்குள்ள கிருமிகள் அந்த மாவைத் தின்று அமிலம் ஆக்குகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. மில்லர் என்பவர் இதை 1890லேயே எழுதி வைத்துவிட்டார். மூன்று வேளையும் சோறு தின்கிற சீமையில் அந்தக் கிருமிகளுக்கு முப்போகம்.

“ராத்திரி படுக்கும்போது பல்லு தேய்ப்பீங்களா?”

வாயில் பஞ்சும் கருவியும் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. நல்லவேளை.

மூன்று நடை நடந்து ரூட் கெனால் முடிந்தது. பிறகு கேப் போட்டார்கள். கேப்புக்குக் கொடுத்த பணத்தில் அரை மூட்டை என்ன, ஆறு மூட்டை மாப்பிள்ளைச் சம்பா வாங்கியிருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா மறுபடி தாடையைப் பிடித்துத் திருப்பினார். உள்ளே எட்டிப் பார்த்து, விரல் நகத்தால் கேப்பைத் தட்டியும் பார்த்தார்.

“எத்தனை வயசு மதிக்கலாம் பெரியப்பா?”

“சாயம் அடிச்ச மாட்டை நான் வெலை பேசறதில்லைடா.”

எக்ஸ்ரேயில் பார்த்த பொந்தைப் பற்றி நான் வீட்டில் மூச்சு விடவில்லை. எல்லாப் பழியும் கல்லின் மேல்தான் கிடக்கிறது. மனைவி அந்தக் கல்லைக் கழுவி, சாட்சிப் பொருள் மாதிரி, அஞ்சறைப்பெட்டியில் கிராம்புக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறாள்.

நேற்று சாயங்காலம் தம்பி போன் பண்ணினான். “அரிசி எப்படிண்ணே இருந்துச்சு?”

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நல்ல திடமான அரிசிடா” என்றேன்.

“அப்படிச் சொல்லுங்க! சனிக்கிழமை கருப்புக் கவுனி ஒரு மூட்டை ஏத்தி விடுறேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். தானமாக வருவது. “அனுப்புடா” என்றேன்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து முறத்தை இறக்கினாள்.