தீபாவளித் துப்பாக்கியின் சுத்தி: ஒரு கரிசல்காட்டு ஆய்வு

மேல்நாட்டில் வாயுத் துப்பாக்கி வைத்து விளையாடும் பெரியவர்கள், உள்ளே சுத்தியைத் தள்ளும் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வலுவானதைப் போடுகிறார்கள். சுத்தி வால்வை ஓங்கித் தட்டும், வாயு கூடுதலாகச் சீறும், பிளாஸ்டிக் குண்டு விரைந்து போகும். கோவில்பட்டிச் சிறுவன் பொட்டுவெடித் துப்பாக்கியில் ரப்பர் பேண்ட் மாட்டி இதே சீர்திருத்தத்தைச் செய்துவருவதை ஆய்வுலகம் கண்டுகொள்ளவில்லை. துப்பாக்கியின் உறுப்புகள் நான்கு. குழல் வீண், அதன் வழியே எதுவும் போவதில்லை. கைப்பிடி, விசை பற்றிப் பேச ஒன்றுமில்லை. எஞ்சுவது சுத்தி.

சுத்திக்கு மாட்டும் ரப்பர் ஓரிழையா ஈரிழையா என்பதில் இரு மரபுகள் உண்டு. ஓரிழையார் பலகாரப் பொட்டலத்து ரப்பரை ஏற்பர். ஈரிழையார் அதையே மடித்து மாட்டுவர். பழைய சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மாட்டுவோர் மூன்றாம் மரபாகார், அவர்கள் தீவிரவாதிகள். சான்று: கால்சட்டைப் பை, இடப்புறம்; மேற்படி, வலப்புறம்; மேற்படி, ஓட்டை விழுந்த பகுதி, தொடர்ச்சி தரையில் காண்க. இடைசெவல் கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். புரட்டிப் பார்க்காமலே ஒரு நூலை அடிக்குறிப்பில் சேர்க்கும் உரிமை முனைவர் பட்டக்காரர்களுக்கு மட்டும் எழுதிக்கொடுக்கப்பட்டதல்லவே.

ஆனால் மூன்று சாராருமே தவறான உறுப்பைத் திருத்துகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் துணிபு. தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ் என்று தீப்பெட்டிக்காரர்கள் பிரித்துவைத்த இரண்டும் பொட்டுவெடியில் ஒரே பொட்டுக்குள் இருக்கின்றன. அதற்கு லேசான அடியே போதும். பொட்டு நமுத்திருந்தால் டியூப் ரப்பரும் உதவாது. 1923 முதல் சிவகாசியிலும், பின் கோவில்பட்டியிலும் தீப்பெட்டித் தொழில் வளர இந்த வட்டாரத்தின் வறண்ட காற்று துணைநின்றது, பொட்டு நமுக்காமலிருக்கவும் அதுவே துணை. அப்படியானால் துப்பாக்கியின் தலையாய உறுப்பு கரிசல்காட்டு வெயில்தான். ஆண்டு முழுக்கக் காயும் அந்த உறுப்பு, தீபாவளி வரும் ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம் பார்த்து, வேலைநிறுத்தம் செய்கிறது. ஸ்பிரிங் மேல் விழுந்த பழி இங்கிருந்து வந்ததே.

லேசான அடி போதுமென்றால் கல் போதாதா, துப்பாக்கி எதற்கு என்று மறுப்பார் உளர். வாதம் வலுவானது. கல்லால் அடித்தாலும் வெடிக்கும், சத்தமும் குறையாது. ஆயினும் கல்லை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடந்தால் யாரும் போலீஸ் என்று ஒதுங்கமாட்டார்கள். எனவே மறுப்பு தள்ளப்படுகிறது. பெற்றோர் ரப்பர் பேண்டைத் தேடி அலையாமல், மூடி இறுக்கமான டப்பா ஒன்றை வாங்கிப் பொட்டுகளை ஈரம் படாமல் வைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.