காதுக்கு ஒரு கடுதாசி

லீவு வேண்டும் என்றால் நாமெல்லாம் டாக்டரிடம் போய், இல்லாத வயிற்றுவலியை இருப்பதாகச் சொல்வோம். பட்டாளத்துக்காரர்கள் நேர்மாறு. எலும்பு முறிந்திருந்தாலும், “ஒன்றுமில்லை சாப், லேசா சுளுக்கு” என்பார்கள். என் மாமனார் இந்தக் கலையில் கரை கண்டவர்.

வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்காரர். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே ‘ராணுவப்பேட்டை’ என்று பேர் வாங்கிய ஊர். 1985-ல் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 105 மி.மீ. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றே காலத்தை ஓட்டிவிட்டு, 2009-ல் ஹவில்தாராக வீடு திரும்பினார். அந்தக் காலத்தில் காதுக்குப் பாதுகாப்பு, பஞ்சு. அதுவும் நினைவிருந்தால்.

ராணுவத்தில் வருடா வருடம் உடல் பரிசோதனை உண்டு. ‘ஷேப்-1’ என்று எழுதினால் மனசு, காது, கை கால், உடம்பு, கண் எல்லாம் சுத்தம். கேட்டகிரி இறங்கினால் பிரமோஷன் கனவு. ஆகவே, “ஏதாவது தொந்தரவு?” என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் மாமா நெஞ்சை நிமிர்த்தி, “நஹீ சாப்!” என்றிருக்கிறார். டாக்டர் என்ன கேட்டார் என்பது பல வருடம் காதில் விழவே இல்லையாம். டாக்டர் வேறு என்ன கேட்டுவிடப் போகிறார் என்ற தைரியம்தான்.

ஓய்வுக்கு முந்தைய மருத்துவக் குழுவிடம் மட்டும் பாச்சா பலிக்கவில்லை. காது கேளாமை 20 சதவீதம், ஆயுளுக்கும் என்று எழுதினார்கள். அடுத்த கட்டத்திலேயே, ‘ராணுவப் பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதும் அல்ல’ என்றும் எழுதிவிட்டார்கள். அப்போது மாமாவுக்கு வயது 42. பீரங்கி வெடித்துக் கெடாத காது, கோயில் மேளம் கேட்டுக் கெட்டது போலும்.

ராணுவத்தில் ஊனத்துக்குத் தரும் ஓய்வூதியத்தின் கணக்கு நம் பள்ளிக்கூடக் கணக்கு அல்ல. மாமாவைப் போல அந்தக் காலத்தில் பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவருக்கு 19 சதவீதம் என்றால் பூஜ்யம். 20 என்றால் 50 என்று கணக்கு வைப்பார்கள். 50-ஐத் தொட்டால் 75, அதையும் தாண்டினால் 100. நூற்றுக்கு நூறு ஊனம் என்றால் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஐம்பது என்று கணக்கு வைத்தால் 15. மாமா 20-இல் இருந்தார். வாசல்படி வரை வந்தாயிற்று. உள்ளே விட, ‘பணியால் வந்தது’ என்ற இரண்டு வார்த்தைதான் பாக்கி.

அதற்கான மேல்முறையீட்டுக்குப் பலம் சேர்க்க ஒரு காது டாக்டரின் கருத்துக் கடிதம் வாங்கலாம் என்று கிளம்பினோம். சளிக்கு ஒரு வாரம் ஓய்வு தேவை என்று முகம் பார்க்காமலே எழுதித் தருகிற டாக்டர்கள், இதைக் கேட்டதும் பேனாவை மூடினார்கள். ஒருவர், “கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்களா?” என்றார். இன்னொருவர், “அந்தக் காலத்துல பீரங்கி வெடிச்சப்போ நான் கூட இல்லையே” என்றார். அவர் அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்திருப்பார். மற்றொருவர் பெரிய மனது பண்ணி, ‘பணியால் ஏற்பட்டிருக்கலாம்’ என்று எழுதினார். ‘ஏற்படாமலும் இருக்கலாம்’ என்பதை அரசாங்கம் சேர்த்துக்கொள்ளும் என்று எங்கள் வக்கீல் அதை ஒதுக்கிவிட்டார்.

கடைசியில் ஒரு பெண் டாக்டர் கிடைத்தார். “முதல்ல டெஸ்ட் பண்ணுவோம்” என்று மாமாவைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்த்தி, ஹெட்ஃபோனை மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ரிசல்ட் வந்தது. இருபது வயதுப் பையனின் காது! எனக்குத் தலை சுற்றியது. மறுபடி எடுக்கும்போது கவனித்தேன். மாமாவின் கண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெக்னீஷியனின் விரல் மேலேயே இருந்தது. விரல் அசைந்தால் இவர் அழுத்துகிறார். டெஸ்ட் என்றால் பாஸ் பண்ணியே தீர வேண்டும் என்பது ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டோம். உண்மை வெளியே வந்தது.

டாக்டர் வரைபடத்தைக் காட்டினார். கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே தொபுக்கென்று பள்ளத்தில் விழுந்து, 8000-இல் கொஞ்சம் எழுந்திருந்தது. “வயசால வர்றதுன்னா உயர்ந்த ஒலிக்குப் போகப் போகச் சரிஞ்சிக்கிட்டே போகும். இப்படிப் பள்ளம் விழுந்து எழுந்தா, அது பெருஞ்சத்தம் பண்ற வேலை. மெல்லிய குரல், பெண்கள் பேச்சு, குழந்தைங்க பேச்சு, இதெல்லாம் சரியாப் பிடிபடாது.”

கூட வந்திருந்த அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ இத்தனை வருஷமா நான் கத்தினது காதுல விழாதது ராணுவத்தாலயா? நான் வேற கணக்குல எழுதி வெச்சிருக்கேனே!” அந்தக் கணக்கைத் திருத்தவும் ஒரு கடிதம் கேட்டார். டாக்டர் நாசூக்காக மறுத்துவிட்டார்.

அடுத்த வில்லங்கம் மாமாவின் பழைய பரிசோதனைத் தாள்கள். நாசிக் ரோடு ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டு வாங்கியவை. எல்லாவற்றிலும் ஷேப்-1. “ஒரு தடவைகூடக் காது வலின்னு சொல்லலியே!” என்றார் டாக்டர். மாமாவின் முகத்தில் பெருமை பொங்கியது. அது அவருடைய சர்வீஸ் ரெக்கார்டு அல்லவா!

கைகொடுத்தது 2013-இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் சொன்ன தீர்ப்பு. சேரும்போது நல்ல உடம்பு என்று எழுதியிருந்து பிறகு வியாதி வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். மருத்துவக் குழு காரணமும் எழுத வேண்டும். மாமா பொய் சொல்லிச் சொல்லிச் சேர்த்த ஷேப்-1களை விட, சேர்ந்த அன்று ஒரே ஒரு தடவை உள்ளபடி எழுதிய ‘காது நன்று’ உதவிக்கு வந்தது.

டாக்டர் இரண்டு பக்கம் எழுதினார். சேரும்போது காது எப்படி, எந்தப் பீரங்கி, எத்தனை வருடம், வரைபடம் என்ன சொல்கிறது, வயது ஏன் காரணமல்ல என்று வரிசையாக. ‘இருக்கலாம்’ எங்குமே இல்லை.

மேல்முறையீடு போயிருக்கிறது. சரிவராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. மறுபடி மருத்துவக் குழு முன் நிறுத்தினாலும் நிறுத்துவார்கள் என்று வக்கீல் சொன்னதிலிருந்து மாமா விடியற்காலையில் எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓடுகிறார். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டாயிற்று. கறுப்பு ஷூவில் முகம் தெரிகிறது.

“எதுக்கு மாமா இந்த ஓட்டம்?” என்று காதருகே போய்க் கேட்டேன்.

“போர்டு வருது மாப்ள. அன்ஃபிட்டுன்னு எழுதிட்டான்னா?”