வேலை நிரந்தரமா?

கேள்வி: குவாண்டம் இயற்பியலில் நோபல் பரிசு வாங்க முதலில் என்ன வேண்டும்?

பதில்: நிரந்தர வேலை! 1975-இல் ஆலன் அஸ்பே என்ற பிரெஞ்சு இளைஞர் ஜெனீவாவுக்குப் போய், இயற்பியலாளர் ஜான் பெல்லின் 1964 தேற்றத்தை ஒளியால் சோதிக்கும் திட்டத்தை அவரிடமே விவரித்தார். இரட்டையாகப் பிறந்து பிரிந்த துகள்கள், முன்பே ஏந்திவந்த பண்புகளால் மட்டும் எவ்வளவு ஒத்துப்போக முடியும் என்பதற்கு வரம்பு வகுப்பது அந்தத் தேற்றம். பெல் கேட்டது, நிரந்தர வேலை இருக்கிறதா என்றுதான். பெண் கொடுக்கும் வீட்டில் விசாரிப்பதுபோல! அத்தனையும் அக்கறை. குவாண்டத்தின் அடிப்படையைக் கிளறுபவர்களுக்கு அன்று மதிப்பில்லை. 1972-இல் பெர்க்லியில் அந்தத் தேற்றத்துக்கு முதல் சோதனையைச் செய்துகாட்டிய ஜான் கிளவுசருக்கே பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை.

அஸ்பேக்கு வேலை இருந்தது, இறங்கிவிட்டார். 1982-இல் பிரான்சின் ஓர்சேயில், ஃபோட்டான்கள் எனும் ஒளித்துகள்கள் இரட்டையாகப் பறந்துகொண்டிருக்கும்போதே அவற்றை அளக்கும் திசையை மாற்றினார், வினாடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒருமுறை! ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குச் சேதி போக ஒளிவேகம்கூடப் போதாது. அப்படியும் இரண்டும் பெல் வகுத்த வரம்பை மீறி ஒத்துப்போயின. பண்புகள் முன்பே தீர்மானமானவை என்று நம்பிய ஐன்ஸ்டைன் எதிர்பார்த்தது அதுவல்ல.

2022-இல் அஸ்பே, கிளவுசர், ஆன்டன் சைலிங்கர் மூவருக்கும் நோபல். பெல் 1990-இலேயே காலமாகிவிட்டார். அந்தப் பரிசில் முதல் பங்கு அவருடையது என்பேன்.