மஞ்சள் பூசிய கோபம்

கேள்வி: இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் அபிஸ்டோகிராமா ஜோடியொன்றை வளர்க்கிறேன். முட்டையிட்டது முதல் பெண்மீன் ஆண்மீனை ஓட ஓட விரட்டுகிறது. சமரசத்துக்கு வழியுண்டா?

பதில்: அமேசான் நதியின் கிளையோடைகளில், உதிர்ந்த இலைகள் படிந்த ஆழமற்ற நீரில் ஜீவிக்கும் இந்தக் குள்ள சிக்லிட் இனத்தில், அலங்காரமெல்லாம் புருஷனுக்கு, குடும்பப் பொறுப்பெல்லாம் ஸ்திரீக்கு என்பதே சிருஷ்டியின் ஏற்பாடாதலால், குகையின் கூரையில் முட்டைகளை ஒட்டிவைத்துவிட்டு, மேனியெல்லாம் மஞ்சள் பூசிக் கறுப்புப் பொட்டிட்டுக் காவல் நிற்கும் அந்த அம்மாளின் கண்ணுக்கு, அருகில் வரும் எவரும், கட்டிய கணவரேயானாலும், முட்டைத் திருடராகவே தோன்றுவார். காட்டோடையாயின் அவர் அடுத்த குகையில் வேறொரு சம்சாரம் தொடங்கியிருப்பார் (தர்மமன்று, ஆயினும் வழக்கம்). தங்கள் தொட்டியில் அதற்கு இடமேது? செடிகளை அடர்த்தியாக நட்டு, துவாரமிட்ட தேங்காய்ச் சிரட்டையொன்றை எதிர்மூலையில் கவிழ்த்து வையுங்கள். அப்படியும் அடி ஓயாவிட்டால் அவரை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும், அப்போதே பொரிந்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிறால் இரையாகப் போதும். ஒன்று மட்டும்: நீரின் உஷ்ணம் ஏறினால் ஆண் குஞ்சுகளே மிகும், புத்திர பாக்கியத்துக்கு இம்மீன்கள் ராமேசுவரம் போகவேண்டியதில்லை, ஹீட்டரைச் சற்றே திருகினால் போதும்.