ஆறு இரவு, இரண்டு தலைநகரம், ஐந்தாம் பிரிவு

பெறுநர்: புலம்பெயர்வு, உள்விவகாரங்களுக்கான தலைமை இயக்ககம், ஐரோப்பிய ஆணையம், புருசெல்ஸ்.

பொருள்: ஒரு வாரக் குளிர்கால விடுமுறையை இரண்டு தலைநகரங்களுக்குப் பங்கிடுதல் – விதிகளால் விளையும் கணக்குச் சிக்கல் – தொடர்பாக.

பார்வை: ஷெங்கன் விசா விதித்தொகுப்பு, 2009ஆம் ஆண்டின் 810ஆம் எண் ஒழுங்குவிதி, பிரிவு 5.



ஒரு வாரக் குளிர்கால விடுமுறை என்பது ஏழு பகலும் ஆறு இரவும் கொண்டது. அதை வியன்னாவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் பங்கிடுவது பார்வைக்கு மிக எளிய கணக்கு. இரண்டு ஊரும் டான்யூப் ஆற்றின் கரையில் இருக்கின்றன. ரயில்ஜெட் வண்டியில் ஏறினால் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடலாம். 1867இல் அமைந்து 1918இல் கலைந்த ஆஸ்திரிய-ஹங்கேரி இரட்டை முடியாட்சிக்கு இவைதான் இரு தலைநகரங்கள். பிரான்ஸ் யோசப் வியன்னாவில் பேரரசர், புடாபெஸ்ட்டில் அரசர். எந்த ஊரில் எத்தனை நாள் தங்கினீர் என்று அவரிடம் எவரும் சான்று கேட்டதில்லை. சென்னையிலிருந்து கிளம்பும் நால்வர் குடும்பத்திடம் கேட்கப்படுகிறது. இக்கடிதம் அது பற்றியது.

ஒன்றுக்கு மேற்பட்ட ஷெங்கன் நாடுகளுக்குப் போகிறவர், தமது முதன்மைச் சேரிடம் எந்த நாடோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. நாள்கணக்கில் எங்கே அதிகம் தங்குகிறார், எதற்காகப் போகிறார் என்பவற்றை வைத்து முதன்மை தீர்மானிக்கப்படும். அப்படியும் தீராவிட்டால், எந்த நாட்டின் வெளியெல்லையைக் கடந்து உள்ளே நுழைகிறாரோ அந்த நாடே பொறுப்பு.

ஏழு ஒற்றைப்படை எண். அது சரிபாதியாகப் பிரியாது, ஏதேனும் ஒரு நாட்டுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்துவிடும் என்று விதியை எழுதியவர்கள் நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்த நிம்மதியை ரயில் கெடுக்கிறது. நான்காம் நாள் காலை விண்ணப்பதாரர் வியன்னாவில் காபி குடிக்கிறார். அன்று மதியமே புடாபெஸ்ட்டின் கெலெட்டி நிலையத்தில் பெட்டியோடு இறங்குகிறார். அந்த ஒரு நாள் இரு நாட்டுக் கணக்கிலும் ஏறுகிறது. ஆஸ்திரியாவுக்கு நான்கு, ஹங்கேரிக்கு நான்கு. ஏழு நாள் விடுமுறையில் எட்டு நாள். இரவாக எண்ணினாலும் மூன்றுக்கு மூன்று. நோக்கம் இரண்டிலும் சுற்றுலாதான். வழக்கு வெளியெல்லைக்குப் போகிறது.

சென்னையிலிருந்து வியன்னாவுக்கு நேரடி விமானம் கிடையாது. தோகா, துபாய் வழியாகப் போகிறவருக்கு ஷெங்கன் எல்லை வியன்னாவிலேயே வருகிறது, அவர் பிழைத்தார். டிக்கெட் மலிவு என்று ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகிறவர் முதலில் கடப்பது அந்த விமான நிலையத்துப் பாஸ்போர்ட் சாளரத்தை. பிரிவின் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து படித்தால், வியன்னாவின் இசைக்கும் புடாபெஸ்ட்டின் வெந்நீருக்கும் ஆசைப்பட்ட குடும்பம் ஜெர்மனியிடம் போய் நிற்க வேண்டும். ஜெர்மனியில் அவர்கள் பார்க்கப்போவது இரண்டு நகரும் படிக்கட்டுகளையும் ஒரு சாக்லேட் கடையையும். வியன்னாவிலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்தில் பிராட்டிஸ்லாவா வேறு இருக்கிறது. மூன்றாவது தலைநகரத்தையும் ஒரு பகலில் எட்டிப் பார்த்துவிடலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அந்த ஆசையை விண்ணப்பத்தில் எழுதாமலிருப்பது நல்லது. ஏழு நாளில் ஒன்பது நாள் தங்கியவரை எந்தக் கணினியும் ஏற்காது.

நடைமுறையில் இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தீர்கிறது. டிசம்பர் பயணத்துக்கு செப்டம்பரில் உட்காரும் குடும்பம் முதலில் பார்ப்பது அருங்காட்சியகப் பட்டியலை அல்ல, எந்த நாட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் ஸ்லாட் காலியாக இருக்கிறது என்பதைத்தான். ஆஸ்திரியாவுக்கு இருந்தால் வியன்னாவில் நான்கு இரவு, புடாபெஸ்ட்டில் இரண்டு. ஹங்கேரிக்கு இருந்தால் அப்படியே தலைகீழ். நகரங்களின் சிறப்பை இப்படி அளக்கும் முறை எந்தப் பயண வழிகாட்டி நூலிலும் இல்லை. இதைக் கண்டுபிடித்த பெருமை ஆணையத்தையே சேரும்.

அடுத்தது காலக்கெடு. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. பதினைந்து நாளுக்குப் பிந்தவும் கூடாது. முடிவு சொல்லத் தூதரகத்துக்குப் பதினைந்து நாள். தேவைப்பட்டால் நாற்பத்தைந்து வரை நீட்டிக்கலாம். ஐரோப்பியக் குளிர்காலமோ வேறொரு நாட்காட்டியில் ஓடுகிறது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவின் புத்தாண்டு இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் குலுக்கல் முறையில் கிடைக்கிறது. அதற்கான பதிவு முந்தைய பிப்ரவரியில். குலுக்கலில் பெயர் விழுந்த அதிர்ஷ்டசாலி, கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஜூன் இறுதி வரை விண்ணப்பப் படிவத்தைத் தொடக்கூட முடியாது. பிறகு, இசை கேட்கும் தகுதி தமக்கு உண்டா என்று தூதரகம் சொல்வதற்காகக் காத்திருக்கலாம்.

கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆனது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருந்தால் 45. ஆறு வயதுக்குக் கீழே இலவசம். அம்மா, அப்பா, பதினான்கு வயதுப் பையன், எட்டு வயதுப் பெண் கொண்ட குடும்பத்துக்கு 315 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. திருப்பதி உண்டியல்கூட, போட்டவரிடம் மூன்று மாத வங்கிக் கணக்கு கேட்பதில்லை.

இணைப்புகளில் இரண்டு மட்டும் தனியே ஆராயத்தக்கவை. முதலாவது காப்பீடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு எடுக்க வேண்டும். மருத்துவச் செலவோடு, விண்ணப்பதாரர் இறந்துவிட்டால் உடலை ஊருக்கு அனுப்பும் செலவும் அதில் அடங்க வேண்டும். ஊர் திரும்பும் எண்ணம் ஐயத்துக்குரியதாக இருந்தால் விசாவை மறுக்கலாம் என்று அதே விதித்தொகுப்பு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு தத்துவம் கிடைக்கிறது. இறந்தவர் நிச்சயம் ஊர் திரும்புவார். அதற்குக் காப்பீட்டுப் பத்திரம் போதும். உயிரோடிருப்பவர் திரும்புவாரா என்பதுதான் சந்தேகம். அதற்குச் சம்பளச் சீட்டு, வருமான வரிப் படிவம், விடுப்புக் கடிதம், வீட்டுப் பத்திரத்தின் நகல், பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாம் வேண்டும்.

இரண்டாவது பயணத் திட்டம். விசா கிடைக்கும் முன் விமான டிக்கெட்டை வாங்கிவிட வேண்டாம் என்று அறிவுறுத்தப்படுகிறது. ஆனால் எந்த விமானத்தில் போகிறார், எந்த விடுதியில் எந்த இரவு படுக்கிறார் என்று காட்டியாக வேண்டும். இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் டம்மி டிக்கெட் தொழில் நடக்கிறது. ரத்து செய்தால் பணம் திரும்பும் விடுதி அறைகள் விசா வரும்வரை முன்பதிவில் இருந்து, வந்த அன்றே காலியாகின்றன. கூடவே ஒரு கவர் லெட்டர். தமிழில் புனைகதை எழுத விரும்பும் இளைஞர்கள் அதிலிருந்து தொடங்கலாம். ட்ராவல்ஸ்காரரின் கணினியில் வேறொரு மாதத்துக்கென்று எழுதி வைத்த திட்டம் ஒன்று இருக்கும். தேதியை மட்டும் டிசம்பர் என்று மாற்றித் தருவார். ‘மூன்றாம் நாள், மாலை 6 மணி: டான்யூப் கரையில் சூரிய அஸ்தமனம்’ என்ற வரி அதில் அப்படியே இருக்கும். டிசம்பர் இறுதியில் வியன்னாவில் சூரியன் மறைவது மாலை நான்கு மணியளவில். இரண்டு மணி நேரம் முன்பே அஸ்தமித்த சூரியனுக்காகக் காத்திருக்கும் குடும்பத்தின் திட்டம் குறையின்றி ஏற்கப்படுகிறது. காகிதத்தில் அது முழுமையாக இருக்கிறதே.

உண்மையான குளிர்காலத் திட்டம் அப்படி இருக்காது. அதற்கு அடிப்படை வெளிச்சம். பகல் எட்டரை மணி நேரத்துக்கும் குறைவு. வெப்பநிலை உறைநிலையை ஒட்டி. வெளியே பார்க்க வேண்டியதைக் காலை ஒன்பது முதல் மூன்றரைக்குள் முடித்துக்கொண்டு, இருட்டியதும் கூரைக்கடியில் போவதுதான் முறை. வியன்னா இதற்கென்றே கட்டியதுபோல இருக்கிறது. கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் பீட்டர் ப்ரூகல் 1565இல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ தொங்குகிறது. களைத்த நாய்களோடு மூவர் குன்றிறங்க, கீழே உறைந்த குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது. வெளியே பனி பெய்யாத வருடத்திலும் அங்கே உண்டு. காபிக் கடைகளில் ஒரு கோப்பையோடு ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனால், பிறகு யாரும் எழுந்திருக்கச் சொல்வதில்லை. அரசு ஓபராவில் நின்று பார்க்கும் இடங்கள் மலிவு, நிகழ்ச்சியன்றே வாங்கலாம். இடம் பிடித்தவர்கள் முன்னாலுள்ள கம்பியில் கழுத்துத்துணியைக் கட்டிவிட்டு உலவப் போவது அங்கே மரபு. பேருந்து சன்னல் வழியே துண்டு போட்டுப் பழகிய விண்ணப்பதாரருக்கு இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை.

புடாபெஸ்ட்டில் செச்செனி வெந்நீர்க் குளியலகம். 1913இல் திறந்தது. 1896இல் ஓடத் தொடங்கிய பழைய மெட்ரோ அதன் வாசலிலேயே இறக்கிவிடும். திறந்தவெளிக் குளத்தில் தண்ணீர் 38 டிகிரி வரை. தலைக்கு மேல் குளிர், கழுத்துக்குக் கீழ் கதகதப்பு, முகத்தருகே ஆவி. அதற்குள் மார்பளவு நீரில் நின்றபடி முதியவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். உடைமாற்றும் அறையிலிருந்து குளம்வரை ஈரத் தரையில் வெறுங்காலோடு ஓடும் சில விநாடிகள் சென்னைவாசிக்கு மறக்காது. கெல்லெர்ட் குளியலகம் புதுப்பிப்புக்காக 2025 அக்டோபரில் மூடப்பட்டது. பழைய வழிகாட்டி நூலை நம்பிப் போகிறவர் பூட்டைப் பார்த்துத் திரும்புவார்.

நாள் குறிப்பதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. ஆஸ்திரியாவில் ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். ஹங்கேரி 2015இல் அதே விதியைக் கொண்டுவந்து, எதிர்ப்பு தாங்காமல் 2016இல் கைவிட்டது; ஆகவே வாரத்தின் ஞாயிறு புடாபெஸ்ட்டில் அமைவது நலம். வியன்னா நகர மன்றத்தின் முன் கூடும் கிறிஸ்துமஸ் சந்தை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் 26 வரை இருக்கும். 24 மாலை புடாபெஸ்ட்டில் பேருந்தும் டிராமும் பெரும்பாலும் அடங்கிவிடும். அன்றிரவுச் சாப்பாட்டை மதியமே வாங்கி வைக்காதவர் பிஸ்கட் தின்று தூங்குவார். அங்கே யூரோ அல்ல, ஃபோரின்ட். மதிப்புக்கூட்டு வரி 27 சதவீதம், ஒன்றியத்திலேயே அதிகம். பயணத் திட்டப் படிவத்தில் இவற்றில் எதற்கும் கட்டம் இல்லை. கம்பியில் கட்டிய துணிக்கும் ஆவிக்கும் முன்பதிவு எண் எங்கிருந்து கிடைக்கும்?

எந்த ஊர் முதலில் என்பதையும் ஷெங்கனின் இன்னொரு விந்தை தீர்க்கிறது. ஷெங்கன் என்றால் உள்ளெல்லைகளில் சோதனை இல்லை என்று பொருள். ஹங்கேரி எல்லையில் ஆஸ்திரியா 2015இல் தற்காலிகச் சோதனையைத் தொடங்கியது. இன்றுவரை ஆறு ஆறு மாதமாக நீட்டித்து வருகிறது. புடாபெஸ்ட்டிலிருந்து வியன்னா போகும் வண்டியில் காவலர் ஏறிப் பாஸ்போர்ட் கேட்கலாம். எதிர்த்திசையில் அந்தத் தொல்லை குறைவு. ஆகவே வியன்னா முதலில். பத்தாண்டைத் தாண்டிய தற்காலிகம் அரசுகளுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. விசா முடிந்து ஒரே ஒரு நாள் தற்காலிகமாகத் தங்கிவிட்ட சுற்றுலாப் பயணிக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆணையம் இரங்கியதே இல்லை என்று சொல்ல முடியாது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு விசா பெற்று ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியருக்கு இரண்டாண்டுப் பலமுறை நுழைவு விசா வழங்கலாம் என்று 2024 ஏப்ரலில் முடிவானது. அதாவது, இப்படிப்பட்ட விடுமுறைத் திட்டத்திலிருந்து விடுபட விரும்புகிறவர் முதலில் இப்படிப்பட்ட இரண்டு விடுமுறைகளைத் திட்டமிட வேண்டும்.

ஷெங்கன் ஒப்பந்தம் 1985 ஜூன் 14 அன்று, அதே பெயருள்ள லக்சம்பர்க் நாட்டுச் சிற்றூரையொட்டி, மொசெல் ஆற்றில் நின்ற ஒரு படகில் ஐந்து நாடுகளால் கையெழுத்தானது. படகில் ஏறிய பிரதிநிதிகளிடம் அன்றைய இரவுக்கான விடுதி முன்பதிவை யாரும் கேட்டதாகப் பதிவு ஏதும் இல்லை. அந்தத் தாராளத்தில் கால்பங்கு போதும். இரண்டு நாட்டில் சமமாகத் தங்குகிறவர் இரண்டில் எந்தத் தூதரகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று 5ஆம் பிரிவைத் திருத்தவும், விமானம் மாறுவதற்காக மட்டும் கால் வைத்த நாட்டைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாக வெளிப்படையாக அறிவிக்கவும், விசாவுக்குப் பின்பே விடுதியும் டிக்கெட்டும் என்று ஒரே கட்டளையாகச் சொல்லவும் ஆணையம் ஆவன செய்ய வேண்டும். அடுத்த டிசம்பருக்கான விண்ணப்பங்கள் ஜூனில் தொடங்கிவிடும் என்பதால், இதை விரைந்து பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்கள்